படுக்காத கோடு

காரைக்காலில் எங்கள் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுப் போன யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அஞ்சுகம் மேடம் என்றால் முதலில் என் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் லேபில் பதினெட்டு வருஷம் இன்ஸ்ட்ரக்டராகக் குப்பை கொட்டியவளுக்கு வாய் இல்லாவிட்டால் ஒரு சாமானும் மிஞ்சாது.

என் லேபில் ஒரு சட்டம் இருந்தது. ஆசிலோஸ்கோப்பில் கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்ய வேண்டும். செய்யாதவர்கள் வராந்தாவில் போய் நிற்க வேண்டும். கணக்கு என்றால் பெரிய வித்தை இல்லை. ஸ்கோப்பில் இரண்டு சேனல், சேனலுக்கு ஒரு புரோப். புரோப் என்பது நுனியில் கொக்கி வைத்த வயர். அதை எங்கே மாட்டுகிறோமோ அந்த இடத்து மின்சாரம் திரையில் அலையாக ஓடும். 'மேத்' என்கிற பொத்தானை அழுத்தினால் ஒரு அலையிலிருந்து இன்னொன்றைக் கழித்து, மிச்சத்தைச் சிவப்புக் கோடாக அதுவே வரைந்து காட்டும். இரண்டு புரோபையும் ஒரே இடத்தில் மாட்டிக் கழித்தால் மிச்சம் என்று ஒன்றும் இருக்கக் கூடாது. சிவப்புக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ள வேண்டும். படுத்தால் மேற்கொண்டு அளக்கலாம். படுக்கவில்லை என்றால் அந்தத் திரையில் வருகிற எதையும் நம்பக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

2009 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை. வெளியே நச நசவென்று மழை. மெஹர் பானு என்கிற இரண்டாம் வருஷத்துப் பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், கோடு படுக்க மாட்டேங்குது."

"நீ மொதல்ல நிமிந்து உக்காரு, அது படுக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

உண்மையில் படுக்கவில்லை. சிவப்புக் கோடு திரையை முட்டிக்கொண்டு நின்றது. புரோபைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் வளையம் போட்ட புரோப். அதன் கழுத்தில் நகத்தளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் பத்து. பத்தில் வைத்தால் மின்சாரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து உள்ளே அனுப்பும். ஸ்கோப் அதைப் பத்தால் பெருக்கி உள்ளபடி காட்டும். சுவிட்ச் ஒன்றுக்கு நழுவிவிட்டால் மின்சாரம் குறையாமல் உள்ளே போகும். ஸ்கோப்புக்கு அது தெரியாது, பாவம், வழக்கம்போலப் பத்தால் பெருக்கிவிடும். மூன்று இருக்கிற இடத்தில் முப்பது என்று காட்டும்.

சுவிட்சைத் தள்ளிவிட்டேன். கோடு படுத்தது. அவள் கொக்கியைத் திறக்கக் கட்டைவிரலால் அழுத்தினாள். சுவிட்ச் சத்தமில்லாமல் மறுபடியும் ஒன்றுக்கு நழுவியது.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"தெரியல மேடம். சீனியர் அக்காங்க யாரும் இதை எடுக்க மாட்டாங்க. அவங்க சேந்தப்பவே லூசாத்தான் இருந்துச்சாம்."

"என்கிட்ட ஏன் ஒருத்தியும் சொல்லல?"

அவள் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். "திட்டுவீங்கன்னுதான் மேடம்."

திட்டுவதற்குக்கூடத் தோன்றவில்லை. நவநீதனின் வேலை போகக் காரணமாக நான் அளந்த அன்று என் கையில் இருந்தது இந்த மஞ்சள் வளையப் புரோப்தான்.

நவநீதன் எங்கள் கல்லூரி எலக்ட்ரீஷியன். விழிதியூர்க்காரர், விவசாயக் குடும்பம். என் லேப் மூலையில் யு.பி.எஸ். பேட்டரிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினால் போதும். அவர் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து நிற்பார். வந்தால் பாதி நேரம் சண்டைதான். மழை வருமா வராதா என்று சண்டை, எந்தக் கம்பெனி வயர் நல்ல வயர் என்று சண்டை, அவர் மகளுக்கு நான் சொன்ன பெயரை வைக்கவில்லை என்று நாலு வருஷமாக ஒரு சண்டை. அவருக்கு சிவப்ரியா என்று மனைவி உண்டு, எனக்கும் வேறு நினைப்பு எதுவும் கிடையாது. பேசுவதற்கு ஓர் ஆள், அவ்வளவுதான். 2003இல் அம்மா போனதிலிருந்து தலத்தெரு வீட்டில் நான் ஒருத்தி. தம்பி புதுச்சேரியில் இருக்கிறான், பொங்கலுக்குப் போன் பண்ணுவான். நவநீதன் போன பிறகு, திங்கட்கிழமை காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது முதல் இரண்டு பெயருக்குத் தொண்டை கரகரக்கும். சனிக்கிழமையிலிருந்து வாயே திறந்திருக்க மாட்டேன் இல்லையா, அதனால்.

2006இல் அந்த ஸ்கோப் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாலாம் மேசையில் ஒரு பெண்ணுக்கு ஷாக் அடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டு நாள் கை மரத்துப் போயிருந்தது. ஆனால் அவளுடைய கடற்கரை கிராமத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து கேட்டில் நின்றார்கள். பிரின்சிபால் சுவாமிநாதன் வேர்த்து விறுவிறுத்து லேபுக்கு வந்தார். ஒயரிங்கை இப்போதே அளந்து சொல்லுங்கள் என்றார். நான் மஞ்சள் புரோபை மேசையின் நியூட்ரலில் மாட்டினேன், நீலத்தை எர்த்தில் மாட்டினேன், 'மேத்' அழுத்திக் கழித்தேன். இரண்டுக்கும் நடுவே இரண்டோ மூன்றோ வோல்ட் இருந்தால் தப்பில்லை, அதற்கு மேல் போனால் ஒயரிங் கோளாறு, அது எலக்ட்ரீஷியன் பொறுப்பு. திரையில் இருபத்தொன்பது புள்ளி ஆறு வந்தது.

நவநீதன் தன் முள் மீட்டரை வைத்துப் பார்த்தார். "மூணுதாங்க காட்டுது" என்றார்.

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க மீட்டரு மியூசியத்துல வைக்க வேண்டியது, நவநீதன். இது புது ஸ்கோப்பு" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அவர் கிட்டே வந்தார். திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டார். தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

கோடு படுக்கிறதா என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பிரின்சிபால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார், கேட்டில் சத்தம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷ வேலை. பிள்ளைகளை வராந்தாவில் நிற்க வைத்தவள் நான் செய்யவில்லை. அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நவநீதனை அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட்டில் 'பணியில் அலட்சியம்' என்று எழுதினார்கள்.

மெஹர் பானுவும் மற்றப் பெண்களும் போன பிறகு நாலாம் மேசைக்கு ஸ்கோப்பைத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த மேசை அப்படியே இருந்தது. புது ஒயரிங் போடுகிறோம் என்று அன்றைக்கு வேனில் வந்தவர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு வயரைக்கூட மாற்றவில்லை. சுவருக்குப் பெயிண்ட் மட்டும் அடித்தார்கள். புரோப்களை மாட்டி, இந்தத் தடவை கோடு படுக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அளந்தேன். இரண்டு புள்ளி ஒன்பது. சுவிட்சை ஒன்றுக்குத் தள்ளினேன். இருபத்தொன்பது புள்ளி நான்கு. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நவநீதனின் முள் மீட்டர் சொன்னதுதான் உண்மை.

லேபைப் பெருக்க வந்த பூங்கொடிதான் என்னை எழுப்பினாள். போலகத்துக்காரி, ஊர்ச் செய்தி எல்லாம் அவளிடம் இருக்கும். நவநீதன் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"அந்த அண்ணனா? கீழவாஞ்சூர் ஹார்பர்ல இருக்காரு மேடம். காண்ட்ராக்ட்தான். பர்மனன்டுக்கு ஆள் எடுக்குறாங்களாம், இவரை மட்டும் எடுக்க மாட்டேங்கிறாங்களாம். இங்கேருந்து குடுத்த சர்ட்டிபிகேட்ல என்னமோ எழுதிட்டாங்களாமே."

என்னமோ இல்லை. நான் எழுத வைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக லெட்டர் எழுதிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். அளந்தது தப்பு, தப்பு என்னுடையது, நவநீதன் சர்ட்டிபிகேட்டில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு வேறு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் மேடம், தேவையில்லாம? மூணு வருஷமாச்சு."

"மூணு வருஷமாச்சுங்கிறதாலதான் சார்."

"ஒயரிங் சரின்னா, அந்தப் பொண்ணுக்கு ஷாக் எப்படி அடிச்சுதுன்னு காலேஜ் செக்ரட்டரி கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் மேசையில் ஈயம் பற்ற வைக்கிற ஒரு பழைய சால்டரிங் அயர்ன் இருந்தது. அதன் வயர் சூடுபட்டுக் கருகியிருந்தது, ஷாக் அதில்தான் அடித்திருக்க வேண்டும். ஷாக் அடித்த அடுத்த வாரம் நான்தான் அதைக் குப்பையில் போட்டேன், ஏதோ பழசைக் கழிக்கிறோம் என்கிற நினைப்பில்.

"லேப் சாமானாலதான் இருக்கும் சார். என் பொறுப்புல இருந்த சாமான்."

"அப்படின்னா உங்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவாரு. திங்கக்கிழமை வராரு. அதுவரைக்கும் இந்த லெட்டர் என் டிராயர்ல கெடக்கட்டும். ரெண்டு நாள் யோசிங்க. வேணாம்னா கிழிச்சுப் போட்டுடலாம்."

நல்ல மனிதர்தான். யாருக்கும் தொல்லை இல்லாமல் ரிட்டயர் ஆக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை.

சனிக்கிழமை நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறி வாஞ்சூருக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற சாராயக் கடைகளுக்கு இறங்குகிறவர்கள்தான் அந்த ஸ்டாப்பில் அதிகம். "ஹார்பருக்குப் போறேன்" என்று கேட்காமலே சொன்னேன். எனக்கு அது ஒரு வியாதி.

கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் போட்ட லாரிகள் அரை மைலுக்கு நின்றன. மழையில் நனைந்த நிலக்கரித் தூள் ரோடெல்லாம் கருப்புச் சேறாகக் கிடந்தது. செக்யூரிட்டியிடம் பெயர் சொல்லி அனுப்பிவிட்டு முக்கால் மணி நேரம் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். நாலு பேர் பார்க்கக் கத்தட்டும், அதன் பிறகாவது பழையபடி பேச்சு வார்த்தை இருக்கும் என்று ஓர் அற்ப ஆசை.

மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்தார். முகமெல்லாம் கரி. "வாங்க மேடம். மழையில ஏன் நிக்கிறீங்க, இப்படி ஓரமா வாங்க" என்றார். நேற்றுதான் பார்த்துப் பிரிந்த மாதிரி.

எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். புரோப், சுவிட்ச், முப்பது, மூன்று, பிரின்சிபாலிடம் கொடுத்த லெட்டர், எல்லாம் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. அவர் கேட்டுக்கொண்டே கையில் இருந்த கரியைப் பேன்ட்டில் துடைத்தார்.

"தெரியுங்க மேடம்."

"என்ன தெரியும்?"

"அந்த சுவிட்சு ஒண்ணுல இருந்துச்சு. கிட்ட வந்து பாத்தேன்ல, அப்பவே தெரியும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "தெரிஞ்சும் பேசாம போனீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும், நீங்களே சொல்லுங்க. ஒயரிங் சரின்னா அப்ப லேப் சாமான்தான் தப்பு. சாமானுக்கு யாரு பொறுப்பு? கேட்ல ரெண்டு வேன் ஆளு நிக்கிறாங்க. யாராவது ஒருத்தரை அனுப்பாம அன்னைக்கு விட்டிருக்க மாட்டாங்க. எனக்கு ஊர்ல நாலு மா நெலம் இருக்குங்க. சிவப்ரியா இருக்கா, புள்ளைங்க இருக்கு, அண்ணன் தம்பிங்க பக்கத்துப் பக்கத்து வீடு. உங்களுக்கு அந்த லேப்ப விட்டா வேற என்னங்க இருக்கு?"

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் தாங்கவில்லை. மூன்று வருஷமாக என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கோபம் என்றால் ஆளுக்கு ஆள் சமம். இவர் என்னைப் பார்த்துப் பாவம் என்று நினைத்திருக்கிறார்.

"நான் கேட்டனா உங்ககிட்ட?"

"கேக்கலதாங்க."

"அதுக்கப்புறம் ஒரு நாளாவது வந்து எட்டிப் பாத்தீங்களா?"

"வந்தா வாய் தவறிச் சொல்லிடுவேன். தெரிஞ்சா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. இப்ப பாருங்க, லெட்டரக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

லாரி ஒன்று பின்னால் வந்தது. இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம். அது போகும்வரை பேச முடியவில்லை. போன பிறகு, வாழ்க்கையில் ஒருமுறை மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

"எனக்கு லேபா இருந்துச்சு? பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறேன்னு வந்து அரை மணி நேரம் என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போவீங்களே, அது ஒண்ணுதாங்க எனக்கு இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு லேப்பக் குடுத்துட்டுப் போயிட்டீங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தலை நரைத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவ்வளவு நரை இல்லை.

"எனக்கு அது தெரியாதுங்க மேடம்."

"எப்படித் தெரியும். நான்தான் திட்டிக்கிட்டே இருந்தேனே."

உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "அந்த லெட்டரைத் திருப்பி வாங்கிடுங்க. காண்ட்ராக்டா இருந்தா என்ன, இதுவே எனக்குப் போதும்" என்றார். "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க, சிவப்ரியாவும் கேட்டுக்கிட்டே இருப்பா" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எந்த நாள் என்று யாரும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன். லெட்டரை வாங்கிவிட்டால் லேப் இருக்கும். இன்னும் பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அத்தனை நாளும் அவர் போட்ட பிச்சையில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளைப் பார்த்து கோடு படுத்ததா என்று அதட்ட வேண்டும். என்னால் முடியாது. அவர் நல்லவர் என்பதற்காக அலட்சியக்காரர் என்கிற பெயரோடு அவர் கிடக்க வேண்டும் என்றும் எந்தச் சட்டமும் இல்லை.

திங்கட்கிழமை செக்ரட்டரி லெட்டரை இரண்டு தடவை படித்தார். "இது வெளியில போனா காலேஜுக்குக் கெட்ட பேரு" என்றார். நான் வழி சொன்னேன். என் லெட்டரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், யாருக்கும் காட்ட வேண்டாம். சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். பதிலுக்கு நவநீதனுக்கு அந்த வார்த்தை இல்லாத சர்ட்டிபிகேட் வேண்டும், அதுவும் இன்றைக்கே. தேதியையும் சீலையும் சரிபார்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றேன். டைப் அடிக்க ஒரு மணி நேரம் ஆனது. 'நடத்தை: மிக நன்று. பணி: திருப்திகரம்.' திருப்திகரம் போதாது, மிக நன்று என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அதன் பிறகுதான் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வரும்போது சுவாமிநாதன் சார் கூடவே வாசல் வரைக்கும் வந்தார். "இனிமே என்ன பண்ணப் போறீங்க மேடம்?" என்று கேட்டார். "வீட்டுக்குப் போகப் போறேன் சார்" என்றேன்.

நேரே தபாலாபீஸுக்குப் போனேன். வாஞ்சூருக்குப் பஸ் ஏறி நேரில் கொடுத்திருக்கலாம். விழிதியூருக்குப் போய் வீட்டிலேயே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வேலை என்ன ஆயிற்று என்று கேட்பார். கேட்டுவிட்டு மறுபடியும் பாவம் என்று என்னைப் பார்ப்பார். அது எனக்கு வேண்டாம். ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அனுப்புநர் என்று இருந்த இடத்தில் பழக்கதோஷத்தில் எலக்ட்ரானிக்ஸ் லேப் என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு வீட்டு விலாசத்தை எழுதினேன். கூடவே ஒரு வரி எழுதி வைக்கலாமா என்று கவுண்டரில் நின்று யோசித்தேன். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது, ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் தபால்காரர் ஒப்புகை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். நவநீதன் கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் திருப்பிப் பார்த்தேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. அந்த அட்டையில் கையெழுத்துக்கு மேல் எதையும் எழுத இடமும் கிடையாது.